ஹை கீ போர்ட்ரெய்ட்: கலரா, கருப்பு வெள்ளையா? படத்தில் தெரியும் கோளாறை வைத்து முடிவெடுப்போம்

வெளிர் டோன்கள் நிறைந்த ஹை கீ முகப்படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று பட்டால் பலருக்குக் கை முதலில் போவது கருப்பு வெள்ளைப் பட்டனுக்குத்தான். என் கையும் பல வருஷம் அப்படித்தான் போனது. சில படங்கள் பிழைத்தன, சில படங்கள் முன்பிருந்ததைவிட மோசமாயின. அப்புறம் உட்கார்ந்து பழைய படங்களை வரிசையாகத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கோளாறு நிறத்தில் இருந்தால் கருப்பு வெள்ளை அதைத் தீர்க்கும். கோளாறு வெளிச்சத்தில் இருந்தால் அதை இன்னும் அப்பட்டமாக்கும். வெளிச்சம் சுமாராக விழுந்த முகத்தைக்கூடக் கன்னத்தின் செம்மையும் சட்டையின் நிறமும் கொஞ்சம் காப்பாற்றிவிடும். நிறத்தை எடுத்தால் அந்த முட்டு போய்விடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹை கீ என்பதும், வெளிச்சம் அளவுக்கு மீறிப் பதிவாகும் ஓவர் எக்ஸ்போஷர் என்பதும் ஒன்றல்ல. படத்தின் பெரும்பகுதி வெளிர் டோன்களில் இருக்க வேண்டும், நிழல் மென்மையாக இருக்க வேண்டும், ஆனால் முகத்தில் விவரம் இருந்தே தீர வேண்டும். முகத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஒரு ஸ்டாப்புக்கு (வெளிச்சம் இரண்டு மடங்கானாலோ பாதியானாலோ அது ஒரு ஸ்டாப்) மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்வேன். பின்னணியை முகத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக வைப்பேன். 0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை என்ற அளவுகோலில் பின்னணி 245க்கு மேல் போகலாம். மாநிற முகத்தின் பளிச்சென்ற இடம்கூட 235ஐத் தாண்டினால் எனக்குக் கவலை வந்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. படத்துக்கு ஒரு நகல் எடுத்து, வேறு எதையும் தொடாமல் நிறத்தின் அடர்த்தியான சாச்சுரேஷனை மட்டும் நிறமே இல்லாதபடி முழுக்க இறக்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், தீப்பெட்டி அளவுக்குச் சின்னதாக்கிப் பாருங்கள். உறுத்திய விஷயம் நகலில் காணாமல் போயிருந்தால் அது நிறக் கோளாறு. அங்கேயும் இருந்தால் வெளிச்சக் கோளாறு. இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

கருப்பு வெள்ளையாக்கியதும் முகத்தில் சாம்பல் பூசியது போல ஆகிவிட்டது

அதிகமாக வரும் புகார் இதுதான். முகத்தை விட்டுவிட்டு முதலில் பின்னணியைப் பாருங்கள். அது உண்மையிலேயே வெள்ளையாக இருக்கிறதா? "வெள்ளைச் சுவர்தானே, அது எப்படிச் சாம்பலாகும்?" என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். விளக்கு முகத்திலிருந்து 1 மீட்டரில் இருக்கிறது, சுவர் அதே விளக்கிலிருந்து 2 மீட்டரில் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும், அதாவது 2 ஸ்டாப் குறைவு. தன்மேல் விழும் வெளிச்சத்தில் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைச் சுவர், இப்போது 22 சதவீதம் அனுப்பும் சாம்பல் அட்டை மாதிரிதான் கேமராவுக்குத் தெரியும். வெளிச்ச அளவு பார்க்கப் பயன்படும் சாம்பல் அட்டை 18 சதவீதம். ஆக, உங்கள் வெள்ளைச் சுவர் கிட்டத்தட்ட நடுச் சாம்பலாகவே படத்தில் விழுந்திருக்கிறது. கலரில் தோலின் வெதுவெதுப்பு இதை மறைத்தது. நிறம் போனதும் முகமும் சுவரும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டன.

இதற்கு மருந்து எடிட்டிங் ஸ்லைடரில் இல்லை. சுவருக்குத் தனியாக ஒரு விளக்கு வையுங்கள். அது முடியாவிட்டால் விளக்கைத் தூரத்துக்குத் தள்ளி, ஆளையும் சுவரையும் ஒப்பிடும்போது தூர வித்தியாசம் சின்னதாகத் தெரியும்படி செய்யுங்கள். விளக்கு 4 மீட்டரில், சுவர் 5 மீட்டரில் என்றால் முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவாகத்தான் இழப்பீர்கள். விளக்கு தள்ளிப் போனால் வெளிச்சம் கடினமாகும், அதனால் வெளிச்சத்தை மென்மையாக்கப் பெரிய சாஃப்ட்பாக்ஸோ துணியோ தேவைப்படும். எடுத்து முடித்த படம் என்றால் பின்னணிக்கு மட்டும் மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து) வெளிச்சத்தை ஏற்றலாம். முடியோரத்தில் வெள்ளை வளையம் வருகிறதா என்று நூறு சதவீதப் பெரிதாக்கத்தில் பாருங்கள், நிச்சயம் எங்காவது வரும்.

பின்னணி சரியாக இருந்தும் முகம் சாம்பலாக இருக்கிறதென்றால் அடுத்த சந்தேகம் மாற்றும் முறைமேல். தோல் எந்த நிறமாக இருந்தாலும் அது பெரும்பாலும் ஆரஞ்சுப் பகுதிக்குள்தான் விழும். எந்த நிறம் எவ்வளவு வெளிராக மாற வேண்டும் என்று தீர்மானிக்கும் கருப்பு வெள்ளைக் கலவையில் ஆரஞ்சு ஸ்லைடரை 15, 20 என்று ஏற்றிப் பாருங்கள், முகம் தெளியும். 40ஐத் தாண்டினால் உதட்டோரத்திலும் மூக்கு மடிப்பிலும் திட்டுத் திட்டாக உடையத் தொடங்கும்.

அதுவும் சரியாகி, படம் இன்னும் மந்தமாக இருந்தால் அதில் கருப்பே இல்லை என்று அர்த்தம். ஹை கீ படத்துக்கு ஒரு சொட்டு மை வேண்டும். கண்மணி, இமைமுடி, புருவத்தின் அடர்ந்த பகுதி என ஏதாவது ஓரிடம் 15, 20க்கு இறங்கியிருந்தால்தான் சுற்றியுள்ள வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

உதடு காணாமல் போய்விட்டது

இதை நான் பிரிண்ட் போட்டுக் கொடுத்த பிறகுதான் கண்டேன். ஒரு நண்பருடைய அக்காவின் படம். முகம் பளிச்சென்று வர வேண்டுமே என்று ஆரஞ்சோடு சேர்த்துச் சிவப்பையும் ஏற்றியிருந்தேன். தோல் பீங்கான் மாதிரி வழவழவென்று வந்தது, எனக்கு ஒரே பெருமை. படத்தை வாங்கிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ஏம்பா, உதடு எங்கே?" என்றார். பார்த்தால் வாய் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் இருந்தது.

கலரில் உதட்டைத் தோலிலிருந்து பிரித்துக் காட்டுவது நிறம்தான், வெளிச்ச அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சிவப்பை ஏற்றினால் இருக்கிற கொஞ்ச வித்தியாசமும் அழிந்துவிடும். ஃபிலிம் நாட்களில் லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டவர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. இதற்கு நேர் எதிர், பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம். அதற்குச் சிவப்பு தெரியாது, அதனால் உதடு கன்னங்கரேல் என்று விழும்.

திருத்தம் எளிது. ஆரஞ்சு மேலே, சிவப்பு கீழே. சிவப்பை -10, -15 என்று இறக்கினாலே வாய் திரும்பி வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: முகப்பரு, மூக்கு நுனிச் சிவப்பு, கண்ணோர நரம்பு எல்லாமே அதே சிவப்பில்தான் இருக்கின்றன, அவையும் கூடவே எழுந்து வரும். அப்படி வந்தால் சிவப்பைப் பூஜ்ஜியத்தில் விட்டுவிட்டு உதட்டுக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் கால் ஸ்டாப் இறக்குங்கள். படத்தின் அழகே உதட்டின் நிறம்தான் என்றால், சண்டை போடாமல் கலரிலேயே விட்டுவிடுங்கள்.

கலரில் நெற்றியிலும் கன்னத்திலும் மஞ்சள் திட்டு

வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் ஓரத்தைத் தொடவில்லை, கேமரா திரையிலும் அதிக வெளிச்ச எச்சரிக்கை எதுவும் மினுக்கவில்லை, ஆனாலும் நெற்றியில் மட்டும் ஒரு வெளிறிய மஞ்சள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற தனித்தனி நிறச் சேனல்களைப் பாருங்கள். கன்னத்தில் சிவப்பு 238, பச்சை 196, நீலம் 172 என்று இருக்கும். நெற்றியில் சிவப்பு 255, பச்சை 226, நீலம் 190. தோல் சிவப்பைத்தான் அதிகம் திருப்பி அனுப்பும் என்பதால் சிவப்புச் சேனல் முதலில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிட்டது. பச்சையோ மேலே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சிவப்பு நின்று பச்சை ஏறினால் நிறம் மஞ்சளை நோக்கிச் சாயும். ஒட்டுமொத்த வெளிச்ச ஹிஸ்டோகிராமில் பச்சைக்குத்தான் கிட்டத்தட்ட 60 சதவீத எடை, சிவப்புக்கு 30தான். அதனால்தான் அது உங்களை எச்சரிக்கவில்லை.

கேமரா பதிவு செய்த மூலத் தரவான ரா கோப்பு இருந்தால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்கிப் பாருங்கள். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துப் போடப்படுவது என்பதால் ராவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்க வாய்ப்புண்டு. ஜேபெக்தான் இருக்கிறதென்றால் போன சிவப்பு போனதுதான்.

கருப்பு வெள்ளை உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது. பச்சைச் சேனலில் நெற்றியின் விவரம் அப்படியே இருக்கிறது. சேனல் மிக்ஸரில் பச்சைக்கு 70 அல்லது 80 சதவீதம் கொடுத்து, மீதியைச் சிவப்புக்குக் கொடுங்கள். நீலத்தைக் கிட்டவே சேர்க்காதீர்கள். தோலின் ஒவ்வொரு புள்ளியையும் ஊதிக் காட்டுவதும், நாய்ஸ் என்ற மணல் போன்ற புள்ளிகள் அதிகம் இருப்பதும் அந்தச் சேனலில்தான்.

மூன்று சேனலும் 255 என்றால் அது கலரிலும் ஓட்டை, கருப்பு வெள்ளையிலும் ஓட்டை. மூக்கு நுனியில் ஒரு புள்ளி அளவுக்கு என்றால் பரவாயில்லை. நெற்றி முழுக்க என்றால் படத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த ஃப்ரேமைத் தேடுங்கள்.

ஒரு கன்னம் நீலம், இன்னொரு கன்னம் மஞ்சள்

வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் ஜன்னல் வெளிச்சம் 5500க்கு மேல் இருக்கும், அறையின் மஞ்சள் பல்பு 2700 பக்கம் இருக்கும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் மறுபக்கம் கெடும். சாதாரணப் படத்தில் இது அழகாகக்கூட இருக்கும். ஹை கீயில் சுற்றிலும் வெள்ளையாக இருப்பதால் சின்னச் சாயம்கூடக் கறை மாதிரி தெரிகிறது. கருப்பு வெள்ளையாக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். வெறும் நிறக் கோளாறு இது, அதனால் தயங்க வேண்டாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆரஞ்சு ஸ்லைடர் மஞ்சள் கன்னத்தை மட்டும் தூக்கும், நீலக் கன்னம் அப்படியே கிடக்கும். மாற்றுவதற்கு முன் ஒயிட் பேலன்ஸை இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தால் இந்தப் பேதம் குறையும். அடுத்த முறை அந்தப் பல்பை அணைத்துவிட்டே எடுங்கள்.

தாடைக்கு அடியில் பச்சை அல்லது சிவப்புச் சாயம்

புல்தரையோ சட்டையோ கீழிருந்து நிறத்தை வீசுகிறது. அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் சாச்சுரேஷனைப் பாதியாக்கினால் போதும். இதற்காக முழுப் படத்தையும் கருப்பு வெள்ளையாக்குவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல.

கருமையான தோல் வெளுத்து, சாக்பீஸ் தடவியது போல இருக்கிறது

இந்தக் கோளாறு படத்தில் தொடங்குவதில்லை, எடுப்பவர் தலையில் தொடங்குகிறது. ஹை கீ என்றால் எல்லாம் வெள்ளை, அதனால் முகமும் வெளுக்க வேண்டும் என்ற எண்ணம்தான் காரணம். ரெடிமேட் ஹை கீ ப்ரீசெட்களும் இதே எண்ணத்தோடுதான் வருகின்றன. அவற்றில் ஒன்றைத் திறந்து பாருங்கள், எக்ஸ்போஷர் ஒரு ஸ்டாப் கூட இருக்கும், ஆரஞ்சு மேலே கிடக்கும். கருமையான தோல்மேல் அதைப் போட்டால் முகம் வெளுப்பதில்லை, செத்துப்போகிறது. பளபளப்பான இடமும் நிழலும் நெருங்கி வந்து கன்னத்தின் உருண்டை தட்டையாகிவிடும்.

நம் கண்ணும் கொஞ்சம் ஏமாற்றும். வெள்ளைப் பின்னணிமேல் வைத்த எந்த நிறமும் உள்ளதைவிட இருட்டாகத் தெரியும். அதனால்தான் முகம் இருண்டுவிட்டது என்று பதறி ஸ்லைடரைத் தொடுகிறோம். தொடுவதற்கு முன் பின்னணியைக் கையால் மறைத்து முகத்தை மட்டும் பாருங்கள். சரியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுற்றி எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களைக் கவனித்திருப்பீர்கள். திறந்தவெளி நிழலில் ஒரு வெள்ளைத் தாள், அதன் முன்னால் ஆள், 8க்கு 10 அங்குல ஃபிலிம் கேமரா. அவை ஹை கீ வகையில் சேராது. ஆனாலும் பார்க்க வேண்டியது, பின்னால் அவ்வளவு வெள்ளை இருந்தும் முகங்கள் தங்கள் முழு அடர்த்தியோடு நிற்பதைத்தான்.

செய்ய வேண்டியது இதுதான். பின்னணியும் உடையும் ஹை கீ வேலையைச் செய்யட்டும், முகம் தன் இடத்தில் இருக்கட்டும். அடர்ந்த கருமை நிறத் தோலை நான் 255 அளவுகோலில் 100க்கும் 150க்கும் நடுவில் விடுவேன். அந்தத் தோலுக்கு உருவம் கொடுப்பது நிழலைவிட அதன் மேல் விழும் மினுமினுப்புதான். அதனால் பெரிய ஒளிமூலத்தைப் பக்கவாட்டில் வைத்து, கன்ன எலும்பிலும் நெற்றியோரத்திலும் அகலமான ஒரு பளபளப்பு வரும்படி நகர்த்துவேன். அப்புறம் கலரா கருப்பு வெள்ளையா என்றால், இந்த வகைப் படத்தில் நான் முதலில் கலரைத்தான் பார்ப்பேன். வெள்ளைக்கு நடுவே அந்தச் செம்பழுப்பு நிற்கும் அழகை எந்தச் சாம்பலும் தராது. மினுமினுப்பே படத்தின் பேச்சாக இருந்தால் மட்டும் கருப்பு வெள்ளைக்குப் போவேன், ஆரஞ்சைத் தொடாமல்.

படம் முழுக்க மூட்டம், முடியோரம் கரைகிறது

பின்னணி இரண்டு ஸ்டாப்புக்கு மேல் எகிறியிருக்கும், இல்லாவிட்டால் ஆள் சுவரை ஒட்டி நின்றிருப்பார். சுவரிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் தோளையும் முடியையும் சுற்றிக்கொண்டு, நேராக லென்ஸுக்குள்ளும் நுழைகிறது. இதைக் கருப்பு வெள்ளையாக்கிக் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். கண் கருக்கும், ஆனால் கரைந்த முடி திரும்பாது, கழுத்துதான் அழுக்காகும். ஆளைச் சுவரிலிருந்து 2 மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள், பின்னணி விளக்கை இறக்குங்கள், ஆளின் இரு பக்கமும் ஃப்ரேமுக்கு வெளியே கருப்பு அட்டை வையுங்கள். அந்த அட்டையால் கன்னத்தோரத்தில் ஒரு மெல்லிய கருங்கோடு விழும். வெளிர் நிற முடிக்கும் நரைத்த முடிக்கும் அந்தக் கோடுதான் உயிர்.

கண்ணில் ஜீவன் இல்லை

தோலைத் தெளிவாக்க ஆரஞ்சை ஏற்றினீர்களா? பழுப்புக் கண் என்பது இருட்டான ஆரஞ்சுதான், அதுவும் கூடவே வெளுத்திருக்கும். கண்ணுக்கு மாஸ்க் போட்டுப் பழைய அளவுக்கு இறக்குங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. கண்வெள்ளையின் மஞ்சளும் பல்லின் மஞ்சளும் கலரில் வெள்ளைப் பின்னணிக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். கருப்பு வெள்ளையில் மஞ்சள் ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றினாலே போய்விடும்.

கலரில் இருந்த துள்ளல் கருப்பு வெள்ளையில் இல்லை

அப்படியானால் படத்தின் விஷயமே நிறம்தான். வெள்ளை உடையில் ஒரு குழந்தை, அதன் கையில் ஒரு மஞ்சள் பந்து. சாம்பலாக்கினால் அது வெறும் உருண்டை. முகபாவம், கை வைத்திருக்கும் விதம், கண்ணோரச் சுருக்கம் என்று வேறொன்று படத்தைத் தூக்கி நிறுத்தினால்தான் நிறத்தை எடுக்கலாம். மறுபக்கம், கலரில் வைப்பதென்றால் நிறங்களை எண்ணிப் பாருங்கள். தோலைத் தவிர ஒரு நிறம் என்றால் நல்லது, இரண்டு சமாளிக்கலாம், மூன்று வந்தால் ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்ளும்.

முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு: கேமராவில் படப் பாணியை (பிக்சர் ஸ்டைல்) மோனோகுரோமில் வைத்து, கோப்பை ராவில் எடுங்கள். திரையில் கருப்பு வெள்ளை தெரியும், ராவில் கலர் பத்திரமாக இருக்கும். ஜேபெக்கில் மட்டும் எடுத்தால் கலர் போயே போச்சு.

இரண்டுமே நன்றாக இருக்கிறது, முடிவெடுக்க முடியவில்லை

இது கோளாறு இல்லை, பாக்கியம். ஒரே ஆளின் பத்துப் படம் ஒன்றாகப் போகிறதென்றால் பத்தும் ஒரே பக்கம் இருக்கட்டும். தனிப் படம் என்றால் நான் இரண்டையும் மூடிவிட்டு மறுநாள் காலையில் திறப்பேன். எதை முதலில் திறக்கக் கை போகிறதோ அதுதான்.

திரையில் அருமை, பிரிண்டில் படத்தின் ஓரத்தைக் காணோம்

255 என்றால் அங்கே பிரிண்டர் மையே போடாது. வெள்ளைத் தாளில் படம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தலை மட்டும் மிதக்கும். பளபளப்புத் தாளில் சாய்த்துப் பார்த்தால் மை விழுந்த முகமும் விழாத பின்னணியும் இரண்டு விதமாக மினுங்குவதும் தெரியும். அதனால் பிரிண்டுக்குப் போகும் பிரதியில் பின்னணியை 248, 250க்கு இறக்கிவிடுங்கள். கருப்பு வெள்ளையில் இந்த லேசான சாம்பல் யார் கண்ணிலும் படாது. கலரில் மூன்று சேனலும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று எண் பிசகினாலே அந்த வெள்ளை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரியும். படத்தைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு சாம்பல் கோடு போட்டுக் கொடுத்தால் ஓரமும் கிடைத்துவிடும்.